"அப்பா, சாவியைக் குடுங்க!" — பெரும்பாறை மலையில் ஸ்போர்ட்ஸ் கார்: வாலிபன் கையில் கொடுக்கலாமா?

பெரும்பாறை, பழனி மலையின் கீழ்ப் பகுதி. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, மலை வாழை என்று பச்சைப் பசேல் என்ற ஊர்.

அடிவாரத்தில் சித்தரேவைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். நடுவில் வளைந்து வளைந்து ஒரு ரோடு. இதில்தான் பஸ் வரவேண்டும். வாழைத்தார் ஏற்றிய லாரி இறங்க வேண்டும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்பும் போகவேண்டும்.

இந்த ரோட்டில் 400 குதிரை சக்தி உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தால் என்ன ஆகும்? அதன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் 19 வயதுப் பையன் என்றால்?

கதை போல இருக்கிறதா? இல்லை. லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் விலை உள்ள கார்கள் இப்போது நம் பக்கத்து ஊர்களுக்கும் வந்துவிட்டன. காரை வாங்குகிறவர் அப்பா. ஓட்ட ஆசைப்படுகிறவன் பையன். சாவி மட்டும் நடுவில் மேஜை மேல் கிடக்கிறது.

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பட்டிவீரன்பட்டியில் வீடு. பெரும்பாறையில் காப்பித் தோட்டம். பையன் கோவையில் காலேஜ் படிக்கிறான். லீவுக்கு வந்திருக்கிறான். போன மாதம்தான் டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்தது.

"அப்பா, சாவியக் குடுங்க. தோட்டம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்."

"ஜீப்ப எடுத்துட்டுப் போப்பா."

"ஜீப்பு எதுக்குப்பா? கார் சும்மாதானே நிக்குது. எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே!"

"லைசென்ஸ் இருக்கு தம்பி. இல்லேங்கல. ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "புள்ள ஆசைப்படுறான், குடுத்தாத்தான் என்ன?" என்கிறாள்.

இதே பேச்சு எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. அந்த அப்பா சொல்ல முடியாமல் விழுங்கிய வார்த்தைகளைத்தான் இன்று நாம் எழுதப் போகிறோம்.

வேகம் எடுக்க 55 மீட்டர்!

முதலில் காரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

பழைய மாருதி 800 நினைவிருக்கிறதா? அதன் சக்தி சுமார் 40 குதிரை. நம்மில் பலர் அதில்தான் கார் ஓட்டக் கற்றோம். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் அப்படிப்பட்ட பத்துக் காரை ஒரே பானெட்டுக்குள் அடைத்து வைத்த மாதிரி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட அதற்கு 4 வினாடி போதும். ஒரு கொட்டாவி விடும் நேரம்!

அந்த 4 வினாடியில் கார் போகும் தூரம் சுமார் 55 மீட்டர். மலைப்பாதையில் இரண்டு வளைவுக்கு நடுவே அவ்வளவு நேர் ரோடு கிடைத்துவிடும். அதாவது, ஒரு வளைவில் திரும்பி ஆக்சிலேட்டரை மிதித்தால், அடுத்த வளைவு வருவதற்குள் கார் 100-ல் இருக்கும்.

சரி, நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும்?

ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வையுங்கள். அதற்குள் 28 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு, முழு பலத்தோடு பிரேக் அடித்துப் பழகாத புதுக் கை என்றால், காய்ந்த ரோட்டிலும் இன்னொரு 55 மீட்டர் ஆகும். மொத்தம் 83 மீட்டர்.

வேகம் எடுக்க 55. நிற்க 83. இந்தக் கணக்கில்தான் உயிர் போகிறது. இறக்கமாக இருந்தால் இன்னும் கூடும். மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பஸ்சும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒன்றுதான்

இன்னொரு வேடிக்கை. இவ்வளவு சக்தி இருக்கிறதே, இந்த மலையில் அதனால் லாபம் உண்டா? சல்லிக் காசுக்கு லாபம் இல்லை.

15 மீட்டர் ஆரம் உள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து வழுக்கும் ரோட்டில் அந்த வளைவை மணிக்கு 27, 28 கிலோ மீட்டருக்கு மேல் திரும்பினால் டயர் பிடியை விட்டுவிடும். 40 குதிரையோ 400 குதிரையோ, டயருக்கு அது தெரியாது. வளைவில் பஸ்சும் ஸ்போர்ட்ஸ் காரும் ஏறத்தாழ ஒரே வேகம்தான் போகமுடியும்!

பாக்கி 360 குதிரை என்ன செய்யும்? காலை எப்போது தப்பாக வைப்பான் என்று காத்துக்கொண்டிருக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் எஞ்சின் சக்தி பின் சக்கரத்துக்குப் போகிறது. வளைவின் நடுவில் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் காரின் பின்பக்கம் வெளியே வீசும். பயந்துபோன பையன் சட்டென்று காலை எடுப்பான். அப்போது இன்னும் மோசமாகச் சுழலும். பழகியவன் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து மீட்பான். பழகாதவனுக்கு மீட்க ஒரு வினாடிகூட இல்லை.

அதோடு சீட் தரையை ஒட்டி இருக்கும். வளைவில் எதிரே வருவது பஸ்சா, காட்டுமாடா என்று கடைசி நிமிஷம் வரை தெரியாது. பழனி மலையில் காட்டுமாடுகள் ரோட்டைக் கடப்பது புதிது அல்ல. கீழ் மலைப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. மாடு ஹாரனுக்குப் பயந்து ஒதுங்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

புனேயில் நடந்த பயங்கரம்

"ஏதோ பயமுறுத்துகிறீர்கள்" என்று சிலர் நினைக்கலாம். நடந்ததைச் சொல்கிறோம்.

2024 மே 19. புனே நகரில் கல்யாணி நகர் பகுதி. அதிகாலை நேரம். போர்ஷே கார் ஒன்று மின்னல் வேகத்தில் வந்து ஒரு மோட்டார் சைக்கிள் மீது மோதியது. அதில் வந்த இரண்டு இளம் என்ஜினீயர்கள் பலி. காரை ஓட்டியதாகக் கூறப்பட்ட பையனுக்கு வயது 17!

விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது அவனுக்கு முதலில் கொடுத்த ஜாமீனின் நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. பிறகு பையனின் அப்பா, தாத்தா, அம்மா என்று ஒவ்வொருவராகக் கைது ஆனார்கள். ஒரு சாவியில் ஆரம்பித்தது, ஒரு குடும்பத்தையே கோர்ட்டில் கொண்டு போய் நிறுத்தியது. பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களின் வேதனையை எந்தக் கோர்ட்டும் தீர்க்கப் போவதில்லை.

நம் சென்னையில் என்ன வாழ்ந்தது? 2016 செப்டம்பரில் கதீட்ரல் ரோட்டில், விடிவதற்கு முன் வந்த ஒரு சொகுசு ஸ்போர்ட்ஸ் கார், ஓரமாக நிறுத்தியிருந்த ஆட்டோக்களின் மேல் வரிசையாக மோதியது. ஒரு ஆட்டோ டிரைவர் பலியானார். பிழைப்புக்காக வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக இருந்த மனிதர் அவர்.

2022-ம் வருஷம் மட்டும் தமிழ்நாட்டில் ரோடு விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 49 பேர். எல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் செய்த வேலை அல்ல. ஆனால் வேகம் என்ற எமன் ஒருவன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அப்பாக்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கார் ஓட்ட 18 வயது ஆகவேண்டும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், அப்பாவோ, காப்பாளரோ, வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி. 3 வருஷம் வரை ஜெயில். 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது.

"எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொல்லித் தப்பலாமா? தெரியாமல்தான் நடந்தது என்று அப்பாதான் நிரூபிக்க வேண்டும். சாவியை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு அதை நிரூபிப்பது லேசு அல்ல.

லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி விபத்து என்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. அப்போது காப்பித் தோட்டமே ஏலத்துக்கு வந்தாலும் ஆச்சரியப்படுவதற்கு இல்லை.

நம் கதையில் வரும் பையனுக்கு 19 வயது. லைசென்சும் இருக்கிறது. சட்டம் அவனைத் தடுக்கவில்லை. மாருதி ஓட்டிக் காட்டி வாங்கிய லைசென்சிலேயே 400 குதிரை காரையும் ஓட்டலாம். நம் நாட்டில் இதுதான் நிலைமை.

பெராரி பிறந்த நாட்டிலேயே தடை!

வெளிநாட்டில் எப்படி?

பெராரி, லம்போர்கினி இரண்டும் பிறந்த நாடு இத்தாலி. அங்கேயே புதிதாக லைசென்ஸ் வாங்கியவன் அந்தக் கார்களைத் தொட முடியாது! காரின் எடைக்கு இவ்வளவு சக்திதான் இருக்கலாம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். முதல் 3 வருஷம் அதை மீறக்கூடாது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் இப்படித்தான். ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தி இருந்தால் புது டிரைவருக்கு அந்தக் கார் கிடையாது.

அதே நாட்டில் அடிலெய்டு நகரில் 2019-ல் ஒரு லம்போர்கினி ரோட்டை விட்டு விலகி, ஓரமாக நடந்துபோன 15 வயதுச் சிறுமி மீது மோதியது. சிறுமி இறந்தாள். அதன் எதிரொலியாக அந்த மாநிலத்தில் அதிசக்தி கார்களுக்கு என்றே 'யு' வகுப்பு லைசென்ஸ் கொண்டு வந்தார்கள். 2024 டிசம்பர் 1 முதல் அமல். தனியாகப் பாடம் படித்துத் தேறினால்தான் அந்த லைசென்ஸ். கார் வழுக்காமல் காக்கும் கருவியை அணைத்துவிட்டு ஓட்டுவதும் அங்கே குற்றம்.

நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை, வீட்டில் அப்பாதான் ஆர்.டி.ஓ!

நரேன் எப்படி வந்தார்?

"அப்போ ஆசையே படக்கூடாதா?" என்று பையன் கேட்பான். நியாயமான கேள்வி.

ஆசைப்படலாம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் கதையைச் சொன்னாலே போதும்.

அவருடைய அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் பிரபல ராலி வீரர். வீட்டில் காருக்கும் வேகத்துக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் மகன் ஊட்டி ரோட்டில் வேகம் காட்டிப் பேர் வாங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ரேஸ் மைதானத்தில் 'ஃபார்முலா மாருதி' காரில்தான் ஆரம்பம். கோவையைச் சேர்ந்த கரிவரதன் உருவாக்கிய கார் அது. உள்ளே இருந்தது சாதாரண மாருதி எஞ்சின்தான்!

1992-ல் பிரான்ஸ் நாட்டு ரேஸ் பள்ளிக்குப் போய்ப் படித்தார். அதன் பிறகு படிப்படியாகப் பெரிய கார்கள். 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். பள்ளிக்கூடத்திலிருந்து ஃபார்முலா 1 வரை 13 வருஷம்!

பிறவியிலேயே வேகம் உள்ள பையனுக்கே 13 வருஷம் ஆனது. லைசென்ஸ் வாங்கி 30 நாள் ஆன பையனுக்கு என்ன அவசரம்?

நடிகர் அஜித்தையும் பார்க்கலாம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. படத்தைப் பார்த்து ரசிகர்கள் பதறிப் போனார்கள். அவரோ காயம் இல்லாமல் இறங்கி வந்தார். அதே பந்தயத்தில் அவருடைய டீம் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது.

எப்படித் தப்பினார்? காருக்குள் இரும்புக் கூண்டு. தலையில் ஹெல்மெட். உடம்பைக் கட்டிய பெல்ட். ரோட்டோரத்தில் மோதலைத் தாங்கும் தடுப்பு. எதிரே வர பஸ் இல்லை. குறுக்கே வர மாடு இல்லை. பெரும்பாறை வளைவில் இதில் ஒன்றாவது உண்டா? ஒரு அரைச் சுவர் இருக்கும். அதற்கு அப்பால் பள்ளம்தான்.

படிப்படியாகக் கொடுங்கள்

சாவியைக் கொடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒரே நாளில் கொடுக்காதீர்கள் என்கிறோம். அதற்கு வழி இதோ:

முதல் படி: ஒரு வருஷம் சின்ன கார். பகல், இரவு, மழை, சந்தை நெரிசல் எல்லாவற்றிலும் ஓட்டட்டும். தினமும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு நாள் அப்பா பக்கத்து சீட்டில் உட்காரட்டும்.

இரண்டாம் படி: ரேஸ் மைதானம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் மைதானம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. பயிற்சியாளரை வைத்து அங்கே பழகட்டும். வேகமாகப் போவதை அல்ல, முழு பலத்தோடு பிரேக் அடிப்பதை முதலில் கற்கவேண்டும். கார் வழுக்கினால் எப்படி இருக்கும் என்று உடம்பு தெரிந்துகொள்வதற்கு அதுதான் இடம்.

மூன்றாம் படி: காரையே காவல்காரன் ஆக்குங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் மழை ரோட்டுக்கு என்று சக்தியை அடக்கும் அமைப்பு உண்டு. ஹோட்டலில் காரை நிறுத்துகிறவர்களுக்காக வேகத்தைக் கட்டும் 'வாலே' அமைப்பும் சிலவற்றில் உண்டு. வால்வோ கம்பெனி பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேக எல்லை வைக்கும் தனிச் சாவி தருகிறது. வழுக்கலைத் தடுக்கும் கருவியை அணைக்கும் பட்டனில் பையன் கை படவே கூடாது.

நான்காம் படி: வீட்டுச் சட்டம். முதல் ஆறு மாதம் சிநேகிதர்களை ஏற்றக்கூடாது. இளவட்டம் பக்கத்தில் உட்கார்ந்தால் புது டிரைவரின் கால் கனத்துவிடும் என்பது உலகம் முழுக்க ஆராய்ந்து கண்ட உண்மை. ராத்திரி வேண்டாம். மழையில் வேண்டாம். செல்போனில் படம் பிடித்துக்கொண்டே போவது கூடவே கூடாது. பெரும்பாறை அருகே புல்லாவெளி அருவியில் 2022 ஆகஸ்டில் படம் எடுக்க நின்ற வாலிபர் வழுக்கி விழுந்ததை மலைக்காரர்கள் மறக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் இளரத்தம் ஆபத்தை மறந்துவிடுகிறது.

கடைசிப் படிதான் மலைப்பாதை. அதுவும் அப்பாவோடு, பகலில், ஊர்ந்தபடி.

மலை ரோட்டு நியாயம்

மலையில் வருஷக் கணக்காக பஸ் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். அவர்கள் செய்வதையே செய்தால் போதும்.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடவேண்டும். இது மரியாதை மட்டும் அல்ல, சட்டமும்கூட. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. ஹாரன் அடிக்கவேண்டும். தன் பக்கத்தை விட்டு நடு ரோட்டுக்குப் போகக்கூடாது. மேகம் இறங்கினால் விளக்கைத் தாழ்த்திப் போடவேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நின்று ஒரு டீ குடிக்கலாம். மேகம் கலையும்.

அப்பா சொல்ல வேண்டியது

மறுபடி அந்த வீட்டுக்கு வருவோம். சாவி இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது. அப்பா இப்போது வாயைத் திறக்கலாம்.

"தம்பி, உன்ன நம்பாம இல்லப்பா. அந்த ரோட்ட நம்பல. எதுக்க வர்றவன நம்பல. நீ ஓட்டுறதுக்குத்தான் இந்தக் கார். ஒரு வருஷம் பொறு. சின்ன காரு ஓட்டு. லீவுல செட்டிபாளையம் போவோம், நானும் கூட வர்றேன். நீ பிரேக் அடிக்கிறத நான் பாக்கணும். அதுக்கப்புறம் சாவிய நானே உன் கையில குடுக்குறேன்."

"ஒரு வருஷமாப்பா?"

"ஒரே ஒரு வருஷம்தான்யா. கார் எங்கயும் ஓடிப் போயிடாது."

பையன் முகம் சுண்டிப் போகும். ரெண்டு நாள் பேசமாட்டான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். போகட்டும். கோபித்துக்கொள்ளப் பிள்ளை வீட்டில் இருக்கிறான் அல்லவா!

இன்றைக்கு அவன் ஜீப்பில் மலை ஏறட்டும். காப்பித் தோட்டத்துக்கு ஜீப்தான் லாயக்கு. அப்படியே சாயந்திரம் பஸ் இறங்குவதற்கு ஒதுங்கி வழி விட்டு, வீடு வந்து சேரட்டும்.